புரூனி தீவு ஒரு நாள் டூர்: சீஸுக்கு 5 ஸ்டார், கதைக்கு 2

போன ஜனவரில அப்பா அம்மா விசிட்டர் விசால மெல்பர்ன் வந்திருந்தாங்க, ரெண்டு வாரம் வீட்டுக்குள்ளயே இருந்துட்டு அப்பா ஜன்னல் வழியா பக்கத்து வீட்டு வேலிய அளக்க ஆரம்பிச்சுட்டாரு, சரி இதுக்கு மேல தாங்காதுன்னு நாலு நாள் டாஸ்மேனியா போட்டோம். டாஸ்மேனியாவோட தலைநகர் ஹோபார்ட்ல இருந்து புரூனி தீவுக்கு ஒரு நாள் டூர், சின்ன பஸ், மொத்தம் 14 பேரு, காலைல ஹோட்டல் வாசல்லயே ஏத்திக்கிட்டு சாயங்காலம் கொண்டு வந்து விடுவாங்க. கம்பெனி பேரு போடல, ஏன்னா குறை சொல்லப் போறேன், அதுவும் அந்தக் கம்பெனிக்கு மட்டும் உள்ள குறைன்னு எனக்குத் தோணல. வயசானவங்கள கூட்டிட்டுப் போறவங்களுக்கு உதவட்டும்னுதான் எழுதறேன். நடுவுல கதை நீளமாப் போகும், சாப்பாடு விவரம் மட்டும் வேணும்னா அடுத்த பாராவோட நிறுத்திக்கலாம்.

பஸ் நல்லா இருந்தது, ஏசி, சீட்டு எல்லாம் ஓகே. ஹோபார்ட்ல இருந்து கெட்டரிங் முக்கால் மணி நேரத்துக்குள்ள வந்துருது, அங்க பஸ்ஸோட ஃபெரில ஏறி இருபது நிமிஷத்துல தீவு. அம்மாவுக்கு வாந்தி வரும்னு பயந்து எலுமிச்சம்பழம் எல்லாம் கொண்டு போனோம், ஏரி மாதிரி தண்ணி, ஒண்ணும் ஆகல. சீஸ் கடைல குடுத்த டேஸ்டிங் அருமை, அம்மா சைவம், எந்த சீஸ்ல கன்னுக்குட்டி ரென்னெட் (பால உறைய வைக்கப் போடறது) இருக்குன்னு கேட்டதும் கைடே போய் விசாரிச்சு வந்து சொன்னாரு, அதுக்குத் தனியா ஒரு சபாஷ். ஆய்ஸ்டர் நானும் வீட்டுக்காரரும் ஒரு டஜன் முடிச்சோம், அப்பா ஒண்ண எடுத்து மோந்து பார்த்துட்டு மரியாதையா திரும்ப வச்சுட்டாரு. தேன், ஐஸ்கிரீம், வெள்ளை வாலபி (சின்ன கங்காரு மாதிரி) பார்த்தோம், அட்வெஞ்சர் பே பீச், 1838ல கட்டின லைட்ஹவுஸ். சாப்பாட்டுக்கும் காட்சிக்கும் கண்ண மூடிட்டு 5 ஸ்டார்.

பிரச்சினை நெக்ல ஆரம்பிச்சுது. வடக்குத் தீவையும் தெக்குத் தீவையும் சேர்க்கற ஒல்லியான மணல் திட்டு, ரெண்டு பக்கமும் கடல், மேல லுக்அவுட்டுக்கு 279 படி. அம்மா நாப்பதாவது படில உக்காந்துட்டாங்க. அப்பா ஏறிட்டாரு, பழனி ஏறின கால், மூச்சு கூட வாங்கல. மேல ட்ருகனினிங்கற அம்மாவுக்கு நினைவுப் பலகை இருக்கு. கைடு ரெண்டு நிமிஷத்துல சொல்லி முடிச்சாரு: இந்தத் தீவுல பொறந்தவங்க, வெள்ளைக்காரங்க வந்ததுல குடும்பமே அழிஞ்சுது, 1876ல ஹோபார்ட்ல செத்துப் போனாங்க, அவங்கதான் கடைசி டாஸ்மேனியப் பழங்குடி, அதோட அந்த இனம் முடிஞ்சுது. சொல்லிட்டு தொப்பிய எடுத்து ஒரு நிமிஷம் அமைதியா நின்னாரு. நல்ல பையன், உண்மையாவே வருத்தப்பட்டாரு.

எங்க அப்பா ரிட்டையர்ட் விஏஓ. வாழ்க்கை பூரா பட்டா, சிட்டா, அடங்கல், அதுக்கு மேல வாரிசு சான்று. யாராச்சும் செத்துட்டாங்கன்னு சொன்னா அனுதாபம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் மனசுல முதல்ல வர்ற கேள்வி வாரிசு யாருங்கறதுதான். அவர் இங்கிலீஷ்ல கைடுகிட்ட கேட்டாரு, சார், நோ லீகல் ஏர்? அண்ணன் தம்பி, அக்கா தங்கச்சி, அவங்க பிள்ளைங்க, யாருமே இல்லையா, யார் விசாரிச்சு முடிவு பண்ணாங்க? கைடு சிரிச்சுட்டு, நல்ல கேள்வி, எனக்குத் தெரியலன்னாரு. அப்பா எங்கிட்ட தமிழ்ல, "பாப்பா, ஒரு தீவு முழுக்க இருந்த சனத்துக்கு ஒருத்தர்கூட வாரிசு இல்லன்னு எழுதறவன் ஒண்ணு விசாரிக்கல, இல்ல விசாரிக்க விரும்பல"ன்னாரு. எனக்கு அப்போ இவர எப்படியாவது பஸ்ல ஏத்தினா போதும்னு இருந்தது.

ராத்திரி ஹோட்டல்ல விடவே இல்ல. போன எடு, தேடுன்னு உக்காந்துட்டாரு. நான் படிக்கப் படிக்க, டூர் பிரோஷர் பின்பக்கம் வெத்தா இருந்துச்சு, அதுல வாரிசு சான்றுக்குப் போடற மாதிரி கட்டம் போட்டு எழுதினாரு, பேரு, உறவு, வயசு, மணமானவரா இல்லையா. அந்தக் கட்டத்துல வந்து விழுந்த பேருதான் ஃபேனி காக்ரேன் ஸ்மித். ட்ருகனினி கண்ண மூடினப்போ இந்தம்மாவுக்கு 41 வயசு. கல்யாணம் ஆகி, புள்ளைகுட்டியோட, கெட்டரிங் பக்கத்துலயே, அதாவது நாங்க ஃபெரிக்கு லைன்ல நின்ன எடத்துல இருந்து கூப்பிடு தூரத்துக்குக் கொஞ்சம் மேல.

கதைய மொதல்ல இருந்து சொல்றேன். 1830ல இருந்து ஜார்ஜ் அகஸ்டஸ் ராபின்சன்னு ஒருத்தர், அரசாங்கத்து ஆளு, காடு காடா நடந்து பேசிப் பேசியே மிச்சமிருந்த சனங்கள திரட்டினாரு, பாதுகாப்பா வச்சுக்கறோம், அப்பறம் ஊருக்கே திரும்பலாம்னு நம்ப வச்சு. கொண்டு போய் விட்டது வடகிழக்குல கடலுக்குள்ள இருக்கற ஃபிளிண்டர்ஸ் தீவு, வைபலென்னான்னு ஒரு முகாம். ஒருத்தரும் ஊர் திரும்பல, காய்ச்சலும் நெஞ்சு சளியுமா செத்துக்கிட்டே இருந்தாங்க. அந்த முகாம்ல 1834 டிசம்பர்ல பொறந்த புள்ளைதான் ஃபேனி. அம்மா பேரு டங்கனுடுரா, வடகிழக்கு மூலைல கேப் போர்ட்லண்ட் பக்கம். அப்பா நிசெர்மெனிக், நேர் எதிர்மூலை, வடமேற்குல ராபின்ஸ் தீவு. நம்ம ஊர்ல கன்னியாகுமரிப் பொண்ணும் கும்மிடிப்பூண்டிப் பையனும் அகதி முகாம்ல சந்திச்சுக் குடும்பம் ஆன மாதிரின்னு அப்பா சொன்னாரு. காக்ரேன்ங்கறது அவங்க குடும்பப் பேரே கிடையாது, வெள்ளைக்காரங்க வச்சு விட்டது.

டங்கனுடுரா கதை தனி. சீல்ங்கற கடல்நாய் வேட்டைக்கு வந்தவங்க கரையோரத்துப் பொண்ணுங்கள தூக்கிட்டுப் போய் தீவுகள்ல வச்சுக்கிட்ட காலம் அது. அவங்களுக்கு அப்படி ஒரு சீல் வேட்டைக்காரன் மூலமா முன்னாடியே ஒரு பொண்ணு, மேரி ஆன். ஃபேனிக்கு அக்கா. இந்த அக்கா கட்டிக்கிட்டது வால்டர் ஜார்ஜ் ஆர்தர்ங்கறவர. அவரும் அந்த முகாம்ல இன்னும் ஏழு ஆம்பளைங்களும் சேர்ந்து 1846ல விக்டோரியா மகாராணிக்கே மனு எழுதினாங்க, இந்த சூப்பரின்டெண்ட் எங்கள படுத்தறான், அவன திரும்ப அனுப்பாதீங்கன்னு. மனுன்னு கேட்டதும் அப்பா நிமிந்து உக்காந்தாரு. மனு மேல நடவடிக்கை எடுத்தாங்களாம்மான்னாரு. எடுத்தாங்க, ஆள மாத்தினாங்க, 1847ல முகாமையே மூடினாங்க. மூடினப்போ உயிரோட இருந்தது 47 பேரு. அவங்கள கப்பல்ல ஏத்தி ஆய்ஸ்டர் கோவுக்குக் கொண்டு வந்தாங்க, பழைய கைதிங்க முகாம், ஈரம், குளிரு, கைதிங்களுக்கே லாயக்கில்லாத எடம்னு கைவிட்டது.

ஃபேனி அந்த 47ல ஒருத்தர், 12 வயசு. அதுக்குள்ள அந்தப் புள்ள பட்ட பாடு நெறைய. முகாம்ல வேதம் சொல்லிக் குடுக்க வந்த ராபர்ட் கிளார்க் வீட்ல வளர விட்டாங்க, சாப்பாடு சரியில்ல, அடி உதை, நடுவுல ஹோபார்ட்ல அனாதைப் பள்ளிக்கு அனுப்பி வீட்டு வேலை பழக்கினாங்க, அப்பா அம்மா ரெண்டு பேரும் உயிரோட இருக்கப்பவே அனாதைப் பள்ளி. இந்த எடத்துல எங்கம்மா, அதுவரைக்கும் தூங்கற மாதிரி படுத்திருந்தவங்க, எழுந்து உக்காந்துட்டாங்க.

இப்ப டூருக்கு வர்றேன். கெட்டரிங் ஃபெரி லைன்ல நாங்க அரைமணி நேரம் நின்னோம். ஆய்ஸ்டர் கோவ் அங்கயே, பக்கத்துக் குடா. ட்ருகனினியும் அங்கதான் வருஷக்கணக்கா இருந்தாங்க, எதிர்க்கரைல அவங்க பொறந்த புரூனி தீவு. கைடு அந்த அரைமணில எந்த பேக்கரில ஸ்காலப் பை நல்லா இருக்கும்னு சொன்னாரு. இன்னொண்ணு, 1995ல சட்டம் போட்டு ஆய்ஸ்டர் கோவ் நிலத்த பழங்குடி மக்கள்கிட்டயே திரும்பக் குடுத்துட்டாங்க, அவங்க அதுக்கு வைக்கற பேரு புட்டலினா. இனம் 1876லயே முடிஞ்சுதுன்னா 1995ல யார் பேருக்குய்யா பட்டா மாத்தினீங்கன்னு எங்கப்பா கேட்டாரு, எங்கிட்ட, ராத்திரி பதினோரு மணிக்கு.

1854ல ஃபேனி வில்லியம் ஸ்மித்ங்கறவரக் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, இங்கிலாந்துல இருந்து கைதியா வந்து விடுதலை ஆனவர், மரம் அறுக்கற தொழில். கொஞ்ச நாள் ஹோபார்ட்ல போர்டிங் ஹவுஸ் நடத்தினாங்க, அப்பறம் நிக்கல்ஸ் ரிவ்யுலெட்ங்கற காட்டுப் பக்கம் போய் வீடு கட்டிட்டாங்க. 11 பிள்ளைங்க. அரசாங்கம் வருஷத்துக்கு 24 பவுண்டு குடுத்துச்சு, ட்ருகனினிக்கு அப்பறம் ஃபேனி நான்தான் இப்ப மிச்சம்னு கேட்டதும் 1880கள்ல பார்லிமெண்ட் அத 50 பவுண்டா ஏத்தி 300 ஏக்கர் நிலமும் குடுத்துச்சு. இங்க ஒண்ணு ஒத்துக்கணும், கடைசிங்கற அந்த வார்த்தைய ஃபேனியும் சொல்லியிருக்காங்க. அப்பாவுக்கு இது ஒரு நிமிஷம் சங்கடமாப் போச்சு, கட்டத்துல எழுதினத அடிக்கப் போனாரு. அப்பறம் அவரே சொன்னாரு, மனுதாரர் ஃபாரத்துல என்ன கேட்டிருக்கோ அத எழுதினாத்தான் பணம் வரும், ஆதரவற்ற விதவைன்னு எழுதச் சொன்னா மூணு மகன் இருக்கறவளும் எழுதுவா, அதுக்காக மகன்கள் இல்லன்னு ஆயிருமா. ரெண்டு பக்கமும் பழங்குடி அப்பா அம்மாவுக்குப் பொறந்தவங்கள்ல கடைசிங்கற அர்த்தத்துல ஃபேனி சொன்னாங்க, ஊரு அத இனமே முடிஞ்சுதுன்னு எடுத்துக்கிச்சு.

அதையும் சும்மா விடல. 1898ல ஒரு ஆராய்ச்சியாளர் இவங்க முடிய, முகத்த வச்சு ஆராய்ஞ்சு இவங்க முழுப் பழங்குடி இல்ல, கலப்புன்னு கட்டுரை எழுதினாரு. கொடுமைய பாருங்க, முழுசா இருந்தா நீதான் கடைசி, கலப்பா இருந்தா நீ கணக்குலயே இல்ல, எந்தப் பக்கம் போனாலும் பிள்ளைங்களுக்குக் கணக்குல எடமில்ல.

ஆனா அந்தம்மா வாழ்ந்த விதம் அந்த ஆராய்ச்சிக்காரங்க கட்டத்துக்குள்ள அடங்கல. மெதடிஸ்ட் கிறிஸ்தவங்க, ஞாயித்துக்கிழமை கோயிலு, கோயில் கட்ட நிலம் எழுதிக் குடுத்தாங்க, ஒரு மகன் பிரசங்கம் பண்ணாரு, சமையல்ல கெட்டிக்காரங்கன்னு வட்டாரத்துல பேரு. அதே கையால கூடை பின்னினாங்க, கடல்ல முங்கி சிப்பி எடுத்தாங்க, காட்டுக்குள்ள போய் மூலிகை எடுத்தாங்க, வேட்டையாடினாங்க, ஊர்க் கூட்டத்துல தன் மொழிப் பாட்ட பாடினாங்க. எதையும் ஒளிக்கல.

அந்தப் பாட்டுதான் விஷயமே. 1899லயும் 1903லயும் ஹோபார்ட்ல எடிசன் ஃபோனோகிராஃப்ல மெழுகு உருளைல அவங்க குரல பதிவு பண்ணாங்க. டாஸ்மேனிய மொழிகள்ல ஒலிப்பதிவுன்னு உலகத்துல இருக்கறது அது மட்டும்தான். 2017ல யுனெஸ்கோவோட ஆஸ்திரேலிய நினைவுப் பட்டியல்ல ஏத்தினாங்க. மொத தடவ தன் குரல திரும்பக் கேட்டதும் தன்னோட அம்மா குரல் மாதிரி இருக்குன்னு அழுதுட்டாங்கன்னு சொல்றாங்க.

1903ல பதிவு பண்ணது யாருன்னு கேட்டா சிரிப்பீங்க. ஹொரேஸ் வாட்சன், கீன்ஸ் கறிப்பொடி ஆளு! இங்க சூப்பர்மார்க்கெட்ல டப்பால விக்குமே அதேதான், அவர் கட்டினது அந்தக் கறிப்பொடி குடும்பத்துப் பொண்ண. ஹோபார்ட்ல மலைச்சரிவுல கல்லுல பெரிய்ய எழுத்துல கீன்ஸ் கறின்னு எழுதியிருக்கும், முந்தின நாள் அம்மா அதப் பார்த்துட்டு இங்க நம்மாளு கடை இருக்குன்னு சந்தோஷப்பட்டாங்க. அந்த எழுத்து வச்சதும் இந்த வாட்சன்தான். 1903 போட்டோ ஒண்ணு இருக்கு, ஃபேனி பெரிய குழல் முன்னாடி உக்காந்து பாடறாங்க, பக்கத்துல வாட்சன். மஞ்சப்பொடி வித்த காசுல ஒரு மொழி தப்பிச்சுதேன்னு அம்மா சொன்னாங்க, கணக்கு சரியான்னு தெரியாது, கேக்க நல்லா இருந்தது.

அடுத்த நாள் ரிச்மண்ட் போறதா பிளான். அப்பா ஷூ மாட்டிட்டு காலைல ஏழு மணிக்கு வாசல்ல, "மாப்ள, வண்டிய எடுங்க, ஸ்தல ஆய்வு பண்ணாம ரிப்போர்ட் எழுதக் கூடாது". வாடகைக் கார்ல போனோம். கெட்டரிங் தாண்டி மலைய சுத்தி சிக்னெட் பக்கம், வழி பூரா ஆப்பிள் தோட்டம், செர்ரி சீசன், ரோட்டோரம் ஆளில்லாத கடைல பழத்த வச்சுட்டு டப்பால காசப் போட்டுட்டுப் போன்னு எழுதியிருக்காங்க. அப்பா காச ரெண்டு தடவ எண்ணிப் போட்டாரு.

நிக்கல்ஸ் ரிவ்யுலெட்ல அந்தக் கோயில் ரோட்டோரத்துலயே இருக்கு, சின்னது. இப்ப அது பழங்குடிப் பண்பாட்டு மியூசியம். நாங்க போனப்போ பூட்டியிருந்தது, தப்பு எங்களது, சொல்லாம கொள்ளாம போனோம், நீங்க போறதா இருந்தா முன்னாடியே விசாரிச்சுட்டுப் போங்க. வெளிய காரு கதவத் திறந்து வச்சுட்டு போன்ல அந்தப் பதிவப் போட்டேன். முதல்ல எண்ணெய்ல கடுகு பொரியற மாதிரி ஒரே கரகரப்பு, பின்னாடி தூரத்துல ஒரு குரல், மெலிசு ஆனா உறுதி, வேகமா ஒரே தாளத்துல. ஒரு வார்த்தை புரியல. நாலாவது வரிக்கு அம்மா கைல தாளம் வந்துருச்சு, அவங்களுக்கே தெரியாம. மூணு தடவ போட்டோம். பேட்டரி 9 சதவீதம்.

ஃபேனி 1905 பிப்ரவரில நிமோனியால இறந்துட்டாங்க. இன்னிக்கு டாஸ்மேனியால பழங்குடின்னு சொல்லிக்கறவங்கள்ல நெறைய பேரு இந்தம்மா வம்சம், பாஸ் ஜலசந்தித் தீவுங்கள்ல வேற குடும்பங்களும் இருக்கு. மொழிய பாலவா கானிங்கற பேர்ல சேர்த்து சேர்த்து திரும்ப எடுத்துட்டு வர்றாங்க, அந்த மெழுகுப் பாட்டும் அதுக்கு உதவுது. ஹோபார்ட் மலைக்கு அரசாங்கமே கூனான்யின்னு அவங்க பேரையும் சேர்த்து வச்சிருக்கு, எங்க டூர் பஸ் அந்தப் பேரு போட்ட போர்டு கீழதான் கிளம்பினது.

ட்ருகனினி பத்தியும் அந்த ரெண்டு நிமிஷத்துல முக்கியமானது விட்டுப் போச்சு. 1869ல வில்லியம் லானேங்கற பழங்குடிக்காரர் செத்ததும் டாக்டருங்களே அவர் உடம்ப வெட்டி எடுத்துட்டுப் போனாங்க, அதப் பார்த்து பயந்து என்ன வெட்டாதீங்கன்னு ட்ருகனினி கெஞ்சிக் கேட்டுக்கிட்டாங்க. ரெண்டே வருஷத்துல தோண்டி எடுத்து, 1904ல இருந்து 1947 வரைக்கும் எலும்புக்கூட மியூசியத்துல கண்ணாடிக்குள்ள நிறுத்தி வச்சாங்க. 1976லதான் எரிச்சு சாம்பல டென்ட்ரகாஸ்டோ சேனல்ல கரைச்சாங்க, செத்து நூறு வருஷம் கழிச்சு. ஃபெரி போற தண்ணி அதுதான். நாங்க அந்த நேரம் மேல்தட்டுல நின்னு செல்ஃபி எடுத்துக்கிட்டிருந்தோம், சீகல்லுக்கு முறுக்கு போட்டுக்கிட்டு. சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டோம்.

இதெல்லாம் டூர்ல எதிர்பார்க்கலாமா, சீஸ் டூர்தானேன்னு வீட்டுக்காரர் கேக்கறாரு. முழுக்க வேணாம். ஒரே ஒரு வார்த்தைய மாத்தினா போதும், கடைசிங்கறத எடுத்துட்டு, கெட்டரிங் லைன்ல நிக்கற அரைமணில அஞ்சு நிமிஷம் ஃபேனிக்கு, அந்தப் பாட்ட பஸ் ஸ்பீக்கர்ல ஒரு தடவ. டிக்கெட்டும் மலிவு இல்லையே.

கம்பெனிக்கு மெயில் போட்டேன், அப்பா சொல்லச் சொல்ல, பார்வையில் காணும் பொருள் தொடர்பாகங்கற ரேஞ்சுல. ரெண்டு நாள்ல பதில் வந்தது, நன்றி, கைடுகள்கிட்ட பேசறோம்னு. அப்பா அத பிரிண்ட் எடுத்து, கட்டம் போட்ட பிரோஷரோட பின் பண்ணி பெட்டில வச்சு ஊருக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு. 11 பிள்ளைங்களுக்கு 11 வரிசை போட்டு பேரு எழுத எடம் விட்டிருக்காரு, வாரத்துக்கு ஒரு தடவ வாட்ஸ்அப்ல கேக்கறாரு, பேரு கெடைச்சுதா பாப்பா.

மொத்தமா 5க்கு மூணரை. வயசானவங்களுக்கு: நெக் படிக்கட்டுக்கு நல்ல செருப்பு, மேல காத்து பலமா அடிக்கும், குல்லா கட்டாயம். முடிஞ்சா டூருக்குப் பதிலா கார் எடுத்து கெட்டரிங், புரூனி, மறுநாள் சிக்னெட்னு ரெண்டு நாளா வச்சுக்கோங்க. டூர்லயே போறவங்க நெக் மேல கைடு என்ன சொல்றாருன்னு வந்து எழுதுங்க, மாத்தி சொல்லியிருந்தா அரை ஸ்டார் ஏத்திடறேன்.